மூணு தட்டு, ஒரு பதில்

பொக்லைனின் இரும்புக் கை முதல் வீட்டுக் கூரைக்கு மேல் வந்து நின்றதும், அந்த வீட்டுக் கதவு உள்ளேயிருந்து படாரென்று சாத்திக்கொண்டது.

சைட் இன்ஜினீயர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். மஞ்சள் தொப்பி தலையிலிருந்து கழன்று உருண்டது; குனிந்து எடுக்கக்கூட அவனுக்கு நேரமில்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று அவன் கத்தியது பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்த எலிக்குட்டியின் காதில் விழவில்லை, ஆனால் அவன் வாயைப் பார்த்தாலே புரிந்தது. புரிந்தும் அவள் லீவரை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பக்கெட்டின் பற்கள் கூரை ஓரத்தை லேசாகக் கடித்தன. இரண்டு மூன்று ஓடுகள் சரிந்து வாசற்படியில் விழுந்து சுக்கல் சுக்கலாயின.

அதற்குப் பிறகுதான் எஞ்சினை அணைத்தாள்.

"என்னை ஜெயிலுக்கு அனுப்பாம விடமாட்ட போலிருக்கேக்கா" என்றான் இன்ஜினீயர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"கதவைத் தட்டினேன் தம்பி. அவ்வளவுதான்."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் போன வாரமே காலி செய்துவிட்டார்கள். இன்றைக்கு வந்து நிற்பது கதவு, ஜன்னல், உத்தரக் கட்டை என்று தேறுகிறதை எடுத்துப் போக. முதல் வீட்டுக் கிழவி மட்டும் நகர மாட்டேன் என்கிறாள். மகன் நாளைக் காலையில் வண்டியோடு வருகிறானாம். அதுவரை இந்தக் கூரையின் கீழ்தான் இருப்பாளாம். இவனோ இன்றே முதல் வீட்டை இடித்துவிடுவதாக மேலிடத்தில் சொல்லித் தொலைத்துவிட்டான்.

முதல் வீட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று அவனுக்கு ஓதியவளே எலிக்குட்டி என்பது அந்தக் கணத்தில் அவனுக்கு மறந்து போயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. கையில் இருந்த வேறு வேலைகளை எல்லாம் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, இந்த இடிப்பு வேலை எனக்குத்தான் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்.

"நான் பேசி முடிக்கிறேன். நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டு, கேபினிலிருந்து இறங்கினாள்.

ஊருக்கெல்லாம் அவள் பொக்லைன் அக்கா. ஏறி உட்கார்ந்தால் கேபினே நிறைந்துவிடும். இந்த வீட்டு வரிசைக்கு மட்டும்தான் எலிக்குட்டி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட வாய்கள் எல்லாம் இதோ சுற்றிலும்தான் நின்றன, நரைத்தும் பல்விழுந்தும். ஒன்றுக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

ஆலைக்குப் பின்னால் ஒரே கூரை, ஒரே நீளம். நடுநடுவே செங்கல்லை நிறுத்தி வைத்துப் பிரித்ததுதான் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு வயசு" என்று குரல் வரும். வரிசைக்கு ஒரே ஏணி, ஒரே இஸ்திரிப் பெட்டி. முகம் பார்க்கிற கண்ணாடி வீட்டுக்கு வீடு உண்டு. முழு ஆளும் தெரிகிற கண்ணாடி ஏழாவது வீட்டில் மட்டும்தான். புதுத் துணி போட்டவர்கள் அங்கே போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் காதைத் திருகலாம், யார் வேண்டுமானாலும் வாயில் ஒரு கவளம் திணிக்கலாம். அவள் அந்தத் திணிப்புக்குக் காத்திருக்கிற ஜாதி இல்லை. எந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூக்காலேயே மோப்பம் பிடித்து, நுழைந்து, கொறித்துவிட்டு ஓடுவாள். எலிக்குட்டி என்ற பெயர் அப்படி வந்தது. வைத்தவள் முதல் வீட்டுப் பெரியம்மா.

சொந்தப் பெரியம்மா இல்லை. அம்மா அவளை அக்கா என்று கூப்பிட்டதால் இவளுக்குப் பெரியம்மா. ஆலையில் பெருக்குகிற வேலை. ஆட்கள் வருவதற்கு முன்னால் பஞ்சுத் தூசியைக் கூட்டி முடித்திருக்க வேண்டும் என்பதால் எல்லாருக்கும் முந்தி எழுந்திருப்பவள் அவள்தான். அதனால் வரிசையின் ஒரே அலாரக் கடிகாரம் அவள் வீட்டில் இருந்தது. அதனால் அவள் மணிப் பெரியம்மா.

ஆலையில் சங்கு உண்டு. ஆனால் அது கதவு சாத்தும்போது ஊதுகிற சங்கு. ஆளை எழுப்பாது, ஆளைத் துரத்தும். எழுப்புவதற்கு வரிசையே ஒரு வழி வைத்திருந்தது. விடிவதற்கு வெகு முன்னால் மணிப் பெரியம்மாவின் கடிகாரம் அடிக்கும். அவள் கரண்டிக் காம்பால் பக்கத்துச் சுவரில் மூன்று தட்டு தட்டுவாள். இரண்டாவது வீட்டில் இருக்கிற எலிக்குட்டியின் அம்மா எழுந்து, விழித்துவிட்டேன் என்பதற்கு அதே சுவரில் பதிலுக்கு ஒரு தட்டு. பதில் வராமல் போனால் தட்டுகிறவள் நகரக் கூடாது. பதில் கொடுத்தவள் எதிர்ச் சுவருக்குப் போய் மூன்றாவது வீட்டுக்கு மூன்று தட்டு. அங்கிருந்து ஒரு பதில். அப்படியே கடைசி வீடு வரைக்கும் போகும். இருட்டில் படுத்துக்கொண்டு எலிக்குட்டி அதைக் கேட்பாள். தட்டும் பதிலும், தட்டும் பதிலுமாக, யாரோ சுவருக்குள்ளேயே நடந்து தூரமாகப் போகிற மாதிரி இருக்கும்.

அவள் வீட்டில் அதற்குக் கூடுதலாக ஒரு சத்தம் உண்டு. நடுத்தரையில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. யார் மிதித்தாலும் டக் என்று ஆடும். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போக அதை மிதிக்காமல் முடியாது. "உங்க வீட்டுக் கல்லு ரொம்பப் பேசுது, வாயை அடைங்கடி" என்று மணிப் பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிண்டல் பண்ணுவாள்.

அப்பாவைப் பற்றி எலிக்குட்டிக்கு அதிக நினைவில்லை. ஆலையில் பஞ்சு கிழிக்கிற எந்திரத்தில் வேலை. ஒருநாள் எந்திரம் கையை இழுத்தது; கையோடு ஆளையும் கொண்டுபோய்விட்டது. செய்தி சொல்ல வந்தவர் மூன்றாவது வீட்டு மேஸ்திரி மாமா. ஆலையில் அந்தப் பகுதிக்கு அவர்தான் மேஸ்திரி. குடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தான், நான் என்ன செய்வேன் என்று அவர் வாசலில் உட்கார்ந்து அழுதார். விசாரிக்க வந்தவர்களிடம் வரிசையே அதைத்தான் சொன்னது. குடித்துச் செத்தவனுக்கு ஆலை என்ன செய்யும்? ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் எலிக்குட்டி தலையைக் குனிந்துகொள்வாள். அவர் மேல் வைக்க வேண்டிய பாசத்தையும் சேர்த்து அம்மா மேலேயே வைத்துவிட்டாள்.

ஆனால் வரிசை அவர்களைக் கைவிடவில்லை. ஒரு மாதம் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை போட்டுக்கொண்டு சோறு வந்தது. முதல் பாத்திரம் மேஸ்திரி மாமா வீட்டிலிருந்து. சுடச்சுட வரும். தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அம்மா எலிக்குட்டியையும் கூட்டிக்கொண்டு போவாள். மேஸ்திரி வீட்டுப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி மேல் வளைந்த இரும்பு வலை ஒன்று கவிழ்த்திருக்கும். அதில் ஏறிச் சறுக்குவது எலிக்குட்டிக்குப் பிடிக்கும். ஒருநாள் அம்மா அவளை அந்த வலையிலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தான் தொட்டிக்குள் விழுந்துவிடுவோம் என்று அம்மா பயந்ததால்தான் என அவள் நினைத்துக்கொண்டாள். பெரியவளான பிறகும், மனிதர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் அவளுக்கு அந்த ஒரு மாதச் சோறுதான் ஞாபகத்துக்கு வரும். அப்படிப்பட்ட சனங்களை ஒரே காலையில் எதிரியாக்கினவள் ஒருத்தி இருந்தாள் அல்லவா, அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அந்தக் காலை இப்படி.

ஆலை ஆளைக் குறைக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த நேரம். சங்கு ஊதும்போது கதவுக்கு வெளியே நிற்பவர்கள் அப்படியே வீட்டுக்குப் போகலாம், திரும்பி வர வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். உள்ளே புது ஆட்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் இரட்டை ஷிப்ட். வரிசையே அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது. எலிக்குட்டி கண் விழித்தபோது கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் தரையில் ஒரு சதுரமாகக் கிடந்தது. அதை அவள் அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. ஒரு உள்ளங்கை எலிக்குட்டியின் காதின் மேல் இதமாகப் பதிந்திருந்தது. அம்மாவின் கையை நினைக்கிறபோதெல்லாம் அவளுக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

இரண்டாவது வீடு முதல் கடைசி வீடு வரை ஒரு ஆள்கூட உள்ளே போகவில்லை. அம்மாவுக்கும் வேலை போயிற்று. மேஸ்திரிக்கும் போயிற்று. சாயங்காலம் வரிசையே தெருவில் கூடியது. மணிப் பெரியம்மா, தான் தட்டியதாகச் சொன்னாள். பதில் வந்ததா என்று கேட்டார்கள். நேரமாகிவிட்டது, தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன், பதிலுக்கு நிற்கவில்லை என்றாள். அம்மா, சுவரில் தட்டே விழவில்லை என்றாள். ஒருத்தி சொன்னதை மற்றவள் மறுக்க, கடிகாரம் வைத்திருந்தவள் பேச்சுத்தான் எடுபட்டது. தூங்குமூஞ்சி, குடிகாரன் பொண்டாட்டி, ஊர்க் குடியைக் கெடுத்தவள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதற்கப்புறம் அந்த வீட்டுச் சுவரை யாரும் தட்டவில்லை. குழாயடியில் அம்மா வந்தால் குடங்கள் ஒதுங்கும். எலிக்குட்டி வாசலில் நின்றால் கதவுகள் சாத்தும். எந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூக்குக்குத் தெரியும், கால் நகராது. இரண்டு மாதம் தாங்கினார்கள். பிறகு ஒரு பெட்டியும் இரண்டு பாய்களுமாகக் கிளம்பி வேற்றூரில் போய் விழுந்தார்கள். அங்கே அம்மா கல் உடைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் பாயைச் சுவரோரம் விரிக்க மாட்டாள். நடு அறையில்தான் படுப்பாள். பழைய கதையை எடுத்தால் "விடு" என்பாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்வார்கள். எலிக்குட்டிக்கு அது ஆறவில்லை. போன வருஷம் அம்மாவைக் குழிக்குள் இறக்கியபோது அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அது அழுகை மாதிரி இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். "சொல்ல வைக்கிறேன்."

இப்போது அவள் கதவைக் கையால் தட்டினாள். மூன்று தட்டு.

உள்ளேயிருந்து, யாரு என்று கேட்டது கட்டைக் குரல்.

"ரெண்டாவது வீடு."

"ரெண்டாவது வீட்டுல ஏது ஆளு? வருசக்கணக்கா வெறகுதானே போட்டு வச்சிருக்கு."

"எலிக்குட்டி."

தாழ்ப்பாள் விலகி, கதவு ஒரு ஆள் முகம் தெரிகிற அளவுக்குத் திறந்தது. பெரியம்மா பாதியாகச் சுருங்கிப் போயிருந்தாள். துடைப்பம் பிடித்த மணிக்கட்டு மட்டும் இன்னும் உருட்டுக்கட்டையாக இருந்தது. மேலும் கீழும் பார்த்தாள்.

"எலி யானையாயிடுச்சு" என்றாள். "கூரையைப் பிச்சது நீதானா? உங்கம்மா எப்படியிருக்கா?"

"போன வருஷம் போய்ச் சேந்துட்டாங்க."

கிழவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "சாகும்போது ஏதாவது சொன்னாளா?"

"என்ன சொல்லணும்? பொய் சொன்னது நீங்க."

சின்ன வயதில் நீ வா போ என்று மடியில் ஏறி மிதித்தவள், இன்றைக்கு நீங்க என்றாள். அந்த மரியாதை கிழவிக்கு உறைத்ததை அவள் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

பேரத்தை அவள் சுற்றி வளைக்கவில்லை. இன்ஜினீயர் திரும்பி வருவதற்குள் முடிவு தெரிய வேண்டும். கிழவி வெளியே வந்து, கூடியிருக்கிற அத்தனை பேர் முன்னாலும், அன்றைக்கு நான் தட்டவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் வண்டியைத் திருப்பிக் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பிப்பாள். நாளைக்கு மகன் வருகிற வரை இந்தக் கூரை நிற்கும். சொல்லாவிட்டால் கிழவியைத் தூக்கித் தெருவில் உட்கார வைத்துவிட்டு அவள் கண் முன்னாலேயே இடிப்பாள்.

பெரியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு அது போதுமா?"

"போதும்."

"அதுக்கு மேல என்கிட்ட வேற எதுவும் கேக்க மாட்டியே?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"சரி, கூப்பிடு எல்லாரையும்" என்று சொல்லிவிட்டுக் கிழவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

எலிக்குட்டி தெருவுக்கு வந்து தன்னை யார் என்று சொன்னாள். இரண்டாவது வீட்டுப் பொண்ணு, தூங்குமூஞ்சியின் மகள் என்று அவர்கள் கொடுத்த பட்டத்தோடு சேர்த்தே சொன்னாள். ஜன்னல் சட்டத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் கைத்தடியோடு நின்றவரை அவளே அடையாளம் கண்டுபிடித்தாள். மேஸ்திரி மாமா. தோளில் தூக்கிச் சுமந்த மனுஷன். இன்று கழுத்து நடுங்கியது. அந்தக் காலையில் பெரிய வேலையை இழந்து, பிறகு தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்து காலத்தை ஓட்டினாராம். வேறு யார் கேட்காவிட்டாலும் இவர் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கேபினில் கிடந்த ஸ்டூலை எடுத்துவந்து முன்வரிசையில் போட்டு அவரை உட்கார வைத்தாள். அவருக்கு இருமல் வந்தது. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள்.

"நல்லா இருப்பம்மா" என்றார் மேஸ்திரி மாமா.

மணிப் பெரியம்மா உடைந்த ஓட்டுத் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு வாசற்படியில் நின்றாள்.

"அன்னைக்கு நான் தட்டலை" என்றாள். "கடிகாரத்தை அமுக்கிட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிட்டேன். அவ மேல தப்பில்லை."

இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மேஸ்திரி மாமா காறித் துப்பினார். அது கிழவியின் காலடியில் விழுந்தது. ஐந்தாவது வீட்டுக்காரன் ஒருவன் உண்டு. வேலை போன பிறகு நாளெல்லாம் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்ததால் பம்பரம் என்று பெயர். கிழவியின் கட்டிலையும் பெட்டியையும் நாளைக்கு ஏற்றிவிடத் தன் தள்ளுவண்டியில் கட்டி வைத்திருந்தான். போய்க் கயிற்றை அவிழ்த்தான். கட்டிலைத் தூக்கித் தெருவில் போட்டான், பெட்டியை அதன் மேல் எறிந்தான். பெட்டி வாயைப் பிளந்து துணியெல்லாம் ஓட்டுப் பொடியில் புரண்டது. போன வாரம்வரை கிழவிக்கு முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தவள் ஒருத்தி, என் தட்டைக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். சாபம் போட்டவர்கள் உண்டு. எலிக்குட்டியின் கையைப் பிடித்து, அந்தப் புண்ணியவதியை என்ன பாடு படுத்தினோம் என்று ஒப்பாரி வைத்தவர்களும் உண்டு.

எலிக்குட்டி எதையும் தடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். குழாயடியில் ஒதுங்கின குடங்கள், சாத்தின கதவுகள் எல்லாம் திரும்பி வந்து முதல் வீட்டு வாசலில் குவிவதைப் பார்த்தாள். பல வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததைவிட இது நன்றாகவே இருந்தது. கட்டிலைத் தூக்கிப் போடுவான் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கேபினில் ஏறக் காலை வைத்தபோது கிழவி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"எலிக்குட்டி, இங்க வா. அந்தச் சுவரைப் பாத்துட்டுப் போ."

போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஜெயித்தவளுக்குத் தோற்றவளின் வீட்டை உள்ளே போய்ப் பார்க்கிற ஆசை இருக்கும் அல்லவா? போனாள்.

ஒரு அடுப்பு, ஒரு பாய், மாடத்தில் அந்தப் பழைய கடிகாரம், முள் ஓடாமல். இரண்டாவது வீட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரே இடத்தில் காரை பெயர்ந்து, ஒரு கைப்பிடிப் பள்ளம் விழுந்திருந்தது. இத்தனை வருஷத் தட்டும் அங்கே இருந்தது. எலிக்குட்டி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"நீ கேட்டதை நான் குடுத்துட்டேன்" என்றாள் பெரியம்மா. "இப்ப நான் குடுக்கறதை நீ வாங்கிட்டுப் போ. அன்னைக்கு நான் தட்டினேன்."

எலிக்குட்டிக்குச் சிரிப்பு வந்தது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. நாக்கு இன்னும் மாறவில்லை.

"தட்டினேன். பதிலும் வந்துச்சு."

"பதிலுக்கு நிக்கலைன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க."

"அது பொய். பதில் வராம நான் என்னைக்கு நகந்திருக்கேன்? ஒரே தட்டு, பளிச்சுன்னு. தூக்கக் கலக்கத்துல தட்டினது இல்லை." கிழவி பாயில் மெதுவாக உட்கார்ந்தாள். "அப்புறம் உங்க வீட்டுக் கல்லு பேசிச்சு. சரி, அந்தப் பக்கச் சுவருக்குப் போறான்னு நெனச்சேன். அடுத்த தட்டு விழும்னு காதைக் குடுத்துக்கிட்டு நின்னேன். விழலை. முடியை அவுத்துக் கட்டி முடிச்சேன், அப்பவும் விழலை. உங்கம்மா அந்தச் சுவர்கிட்டயே நிக்கறா, எனக்குத் தெரியுது. அப்புறம் கல்லு இன்னொரு வாட்டி பேசிச்சு. திரும்பி வந்து படுத்துட்டா."

எலிக்குட்டியின் விரல் பள்ளத்திலேயே இருந்தது. வெயில் சதுரம். திறந்திருந்த கண். காதின் மேல் பதிந்திருந்த அந்த உள்ளங்கை. அது எத்தனை நேரமாக அங்கே இருந்தது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊதப் போகிற சங்கு பிள்ளை காதில் விழாதபடிக்கு அழுந்த மூடியிருந்த கை.

"நான் போய் மூணாவது வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்" என்றாள் கிழவி. "தட்டலை. துடைப்பத்தை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். அவ என் மொகத்தைப் பாத்து, தட்டே விழலைன்னு சொன்னா பாரு, அன்னைக்கே போட்டு உடைச்சிருப்பேன். எனக்கும் வாயில்லாமப் போச்சு."

"ஏன்? தன் வேலையையும் கெடுத்துக்கிட்டு, அம்மா ஏன் அப்படிச் செய்யணும்?"

பெரியம்மா ஜன்னல் பக்கம் மோவாயை நீட்டினாள். வெளியே மேஸ்திரி மாமா ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து, எலிக்குட்டியின் பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் வீட்டுத் தொட்டி மேல ஏறிச் சறுக்குவியே, ஒரு இரும்பு வலை. அது என்னன்னு நெனச்ச? பஞ்சு எந்திரத்து மூடி. கை உள்ள போகாம இருக்கப் போடறது. மூடி போட்டா வேலை சுணங்குதுன்னு கழட்டிட்டு, உங்கப்பன் செத்ததும் வெளிய தெரியாம வீட்டுக்குக் கொண்டாந்துட்டான். தூக்குவாளியைத் திருப்பிக் குடுக்கப் போன எடத்துல உங்கம்மா அதைப் பாத்துட்டா. ஆலைக்காரி இல்லையா, பாத்ததும் தெரிஞ்சிருக்கும். உங்கப்பன் அன்னைக்கு ஒரு சொட்டுக் குடிக்கலை. இந்த வாசல்ல நின்னு ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத்தான் போனான், வாடை எனக்குத் தெரியாதா? மேஸ்திரி சொல்லச் சொன்னதை விசாரிக்க வந்தவங்ககிட்ட வரிசையே சொன்னோம். நானும்தான்."

கிழவி தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்துவிட்டாள். வெளியே கூட்டம் இன்னும் நின்றது.

"ஒரு மாசம் முறை போட்டுக்கிட்டு வீட்டுக்கு வீடு உங்களுக்குச் சோறு கொண்டாந்தோமே எலிக்குட்டி, எதுக்குன்னு நெனச்ச?"